அடிக்கடி ஃபியூஸ் போகும் கார்: காரணத்தைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ் விருந்தை முடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் மனைவி, பிள்ளைகள், வயதான தாயார். மஃரிப் முடிந்து நன்றாக இருட்டிவிட்டது. பின்னால் வந்த லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்து, உரசுவது போல வந்து கடைசி நேரத்தில் விலகியது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பாய், பின்னாடி லைட்டே எரியலை, பார்த்துப் போங்க" என்று சத்தம் போட்டுவிட்டுச் சென்றார்.

இறங்கிப் பார்த்தோம். பின்பக்கச் சிவப்பு விளக்குகளும் நம்பர் பிளேட் விளக்கும் அணைந்திருந்தன. டேஷ்போர்டு வெளிச்சமும் இல்லை. அதற்குரிய 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. கையிலிருந்த புதியதைப் போட்டதும் எல்லாம் எரிந்தன. இரண்டு கிலோமீட்டர் போய் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் அதுவும் போய்விட்டது. வழியில் இருந்த ஒரு கடையில் சொன்னோம். அங்கிருந்தவர் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் செருகி, "இனிமே போகாது பாய்" என்றார். அவர் சொன்னபடியே போகவில்லை. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் டிக்கிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

மறுநாள் செங்கல்பட்டில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் டிக்கி மூடியின் கீலுக்குள் போகும் ஒயர்க் கட்டை வெட்டி எடுத்துக் காட்டினார். ஒரு ஒயரின் உறை உரசித் தேய்ந்து, உள்ளே உள்ள செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த மற்ற ஒயர்களும் உருகி ஒட்டியிருந்தன. "சின்ன ஃபியூஸ் ரெண்டு தடவை சொல்லுச்சு பாய். பெரிய ஃபியூஸைப் போட்டு அது வாயை அடைச்சுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது நம் எல்லோருக்கும் பொருந்தும். அன்று அவர் பக்கத்தில் அமர்ந்து கற்றதையும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் குடும்பத்துடன் காரில் செல்லும் சகோதரர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது?

விளக்கையோ ரேடியோவையோ காப்பாற்றத்தான் ஃபியூஸ் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். அது முதலில் காப்பாற்றுவது ஒயரை. ஒயரின் தடிமனுக்கு ஏற்ப இவ்வளவு மின்னோட்டம்தான் அதில் போகலாம் என்று ஓர் அளவு உண்டு. அதை மீறினால் ஒயர் சூடாகி உறை உருகும், பிறகு தீப்பிடிக்கும். அந்த நிலை வருமுன் உருகி அறுந்துபோக வேண்டிய மெல்லிய உலோகப் பட்டைதான் ஃபியூஸ். மொத்தச் சுற்றிலும் மிகப் பலவீனமான இடமாக அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த காலம் நினைவிருக்கும். அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பார்கள். கம்பி போகாது, சுவருக்குள் உள்ள ஒயர் போகும். அதே பழக்கத்தைத்தான் காருக்கும் கொண்டு வந்திருக்கிறோம். பழைய அம்பாசிடரில் இருந்த ஃபியூஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைய கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, பானட்டுக்குள் ஒரு பெட்டி என்று பல பத்து ஃபியூஸ்கள் இருக்கின்றன. எது எதற்கு என்பது அந்தப் பெட்டியின் மூடியிலோ காருடன் தரும் கையேட்டிலோ இருக்கும்.

இரண்டு கால்களுடன் பிளாஸ்டிக் உறையில் வரும் இந்த ஃபியூஸ்களின் நிறமே அவற்றின் அளவைச் சொல்லிவிடும்:

5 ஆம்பியர் – வெளிர் பழுப்பு
7.5 ஆம்பியர் – பழுப்பு
10 ஆம்பியர் – சிவப்பு
15 ஆம்பியர் – நீலம்
20 ஆம்பியர் – மஞ்சள்
25 ஆம்பியர் – நிறமற்றது அல்லது வெள்ளை
30 ஆம்பியர் – பச்சை

மேலே எண்ணும் பொறித்திருக்கும். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான் வர வேண்டும்.

போவதற்கு இரண்டே காரணங்கள்

ஒன்று, ஷார்ட் சர்க்யூட். பேட்டரியின் பிளஸ் மின்சாரம் விளக்கு, மோட்டார் எதற்குள்ளும் போகாமல் நேராகக் காரின் இரும்பு உடலைத் தொட்டுவிடுவது. காரின் உடல் முழுவதும் பேட்டரியின் மைனஸோடு இணைந்திருப்பதால், உறை தேய்ந்த ஒயர் எங்கே பட்டாலும் ஷார்ட்தான்.

இரண்டாவது, ஓவர்லோடு. ஒயர் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதிலிருந்து அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்படுகிறது. இதற்குக் கணக்கு எளிது. வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். சாதாரண 60 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 10. அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்ஸ் பல்புகளைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 17 ஆம்பியர் ஆகிவிடும். அது 15 ஆம்பியர் ஃபியூஸின் அளவை மீறியது.

அளவை மீறிய உடனே ஃபியூஸ் போய்விடும் என்பதும் இல்லை. அளவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் ஓடினால் அது சில விநாடிகளிலும் போகலாம், பல நிமிடங்கள் தாங்கிவிட்டும் போகலாம். இரண்டு மடங்கு ஓடினால் ஓரிரு விநாடிகளில் போய்விடும். முழு ஷார்ட் என்றால் கண் சிமிட்டும் நேரம்தான். இந்த நேர வித்தியாசமே நமக்கு முதல் துப்பு.

போன ஃபியூஸைத் தூக்கி எறியாதீர்கள்

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உள்ளே உள்ள பட்டை நடுவில் மட்டும் அறுந்து, பிளாஸ்டிக் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு.

உள்பக்கம் கருத்து, உலோகம் தெறித்துப் படிந்திருந்தால் ஷார்ட்.

பட்டை அறுபடாமல், ஒரு காலின் பக்கம் பிளாஸ்டிக் உருகியிருந்தால் கோளாறு ஃபியூஸ் செருகும் இடத்தில் இருக்கிறது. பிடிப்பு தளர்ந்தோ துருப்பிடித்தோ அந்த இடம் சூடாகிறது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உருகும்.

பல ஆண்டுகள் ஓடிய காரில் ஒரே ஒரு முறை ஃபியூஸ் போய், புதியதைப் போட்டபின் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். குலுங்கலிலும் சூட்டிலும் பட்டை களைத்துப் போவதுண்டு. அதே இடத்தில் இரண்டாவது முறை போனால் தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

எப்போது போகிறது?

எலக்ட்ரீஷியன் நம்மிடம் முதலில் கேட்டது இதைத்தான். இதற்குச் சரியான பதில் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். காரில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எழுதி வைப்பது நல்லது.

சாவி போடாமல் செருகிய உடனே போகிறதா? ஃபியூஸிலிருந்து கிளம்பும் ஒயரே எங்கோ இரும்பில் பட்டிருக்கிறது.

ஒரு சுவிட்சைப் போட்டதும் போகிறதா? பிரேக் மிதிக்கும்போது, ரிவர்ஸ் கியர் போடும்போது, கண்ணாடியை இறக்கும்போது என்று எது என்று பாருங்கள். அந்த சுவிட்சுக்குப் பிறகு உள்ள பகுதியில்தான் கோளாறு.

பள்ளத்தில் குலுங்கும்போது, வண்டி திரும்பும்போது, கதவையோ டிக்கியையோ திறந்து மூடும்போது போகிறதா? அசையும் இடத்தில் ஒயர் உரசுகிறது.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு போகிறதா? மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது, அல்லது ஓவர்லோடு.

மழையிலும் வண்டி கழுவிய பிறகும் மட்டும் போகிறதா? விளக்கின் ஹோல்டருக்குள்ளோ ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள்ளோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

நம் காரில் முதல் ஃபியூஸ் எப்போது போனது என்று தெரியாது. இரண்டாவது போனது பள்ளத்தில் என்று சொன்னதும், அவர் நேராக டிக்கியின் கீலுக்குத்தான் போனார்.

தேடும் முறை

முதலில், ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் பார்த்து அந்த ஒரு ஃபியூஸில் என்னென்ன ஓடுகின்றன என்று பட்டியல் எடுங்கள். ஒரே ஃபியூஸில் நான்கைந்து பொருட்கள் இருக்கும்.

இரண்டாவதாக, அவற்றை எல்லாம் கழற்றுங்கள். பல்புகளை எடுத்துவிடுங்கள், கப்ளர்களைப் பிரியுங்கள், சாக்கெட்டில் உள்ள சார்ஜரைப் பிடுங்குங்கள். பிறகு சரியான அளவு ஃபியூஸைப் போட்டு சுவிட்சைப் போடுங்கள். இப்போது போகவில்லை என்றால் ஒயர் நன்றாக இருக்கிறது, கழற்றியவற்றுள் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டியதும் போகிறதோ அதுதான்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் போகிறது என்றால் கோளாறு ஒயரில். இனி ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட்ஸ் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களை இணைத்து, ஃபியூஸ் இருந்த இரண்டு துளைகளிலும் பொருத்துங்கள். இந்த பல்பு வழியாக ஏறத்தாழ 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக மெதுவாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் ஒயர் தேய்ந்திருக்கிறது. அசைத்தும் தெரியவில்லை என்றால் வழியில் உள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். ஒன்றைப் பிரித்ததும் பல்பு அணைந்தால் ஷார்ட் அந்தக் கப்ளருக்கு அப்பால் இருக்கிறது.

பொருட்களைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவோம். ஹெட்லைட் போன்ற பெரிய லோடு இருந்தாலும் சோதனை பல்பு நன்றாகவே எரியும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஃபியூஸுக்கு அப்பால் உள்ள துளைக்கும் காரின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கும் இடையே பார்க்கலாம். பொருட்கள் எல்லாம் கழற்றிய நிலையில் மீட்டர் "பீப்" ஒலி எழுப்பினால் ஷார்ட் உறுதி.

இரண்டு எச்சரிக்கைகள். மஞ்சள் நிறக் கப்ளர்களும் ஒயர்களும் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் பல்போ மீட்டரோ வைக்கவே கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் உள்ள ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிரைப் பறிக்கும் அளவு வோல்டேஜ் கொண்டவை, அவற்றைத் தொடவே கூடாது.

நம் பகுதியில் எங்கே பார்ப்பது?

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் நிற்கும் கார்களுக்கு உப்புக்காற்றே முதல் எதிரி. கப்ளர்களைப் பிரித்தால் செம்பு முனைகளில் பச்சை படிந்திருக்கும். அந்த இடம் சூடாகும், ஈரம் சேர்ந்தால் பக்கத்து முனைக்கு மின்சாரம் கசியும். ரேடியேட்டர் ஃபேன், ஏசி ப்ளோயர், வைப்பர் ஆகியவற்றின் மோட்டார் தண்டுகளில் துரு ஏறினால் அவை இறுகிச் சுழலும். இறுகிய மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், இன்ஜின் அணைந்து, சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகு மட்டும். தாராளமாகச் சுழல வேண்டும்.

மரத்தடியில் நிறுத்தும் கார்களில் சருகு விழுந்து ப்ளோயருக்குள் சிக்குவதும், கண்ணாடியின் அடியில் மணலும் சருகும் அடைத்து வைப்பரைத் தடுப்பதும் சாதாரணம்.

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள வயலோரக் கிராமங்களில் எலி பெரிய தொல்லை. அறுவடை முடிந்ததும், மழை பிடித்ததும் அவை சூடான இன்ஜின் பகுதியைத் தேடி வரும். பானட்டைத் திறந்தால் வைக்கோல், கடித்த ஒயர்த் துணுக்கு, புழுக்கை கிடந்தால் தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதும், ஒரே இடத்தில் நாள்கணக்கில் வண்டியை நிறுத்தாமல் இருப்பதும்தான் நம்பகமான தடுப்பு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை நம் பகுதி மக்கள் கண்ணால் கண்டோம். தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்லுங்கள். கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர்களும் கப்ளர்களும் காயாமல் விடப்பட்டால், சில மாதங்கள் கழித்து ஒவ்வொரு ஃபியூஸாகப் போக ஆரம்பிக்கும்.

இவை தவிர எந்தக் காரிலும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: டிக்கி மூடியின் கீல், கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாய், முன்சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர், இன்ஜின் அறையிலிருந்து உள்ளே ஒயர் நுழையும் துளை, பின்விளக்குகளின் ஹோல்டர். சாக்கெட் ஃபியூஸ் மட்டும் போகிறது என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்ட நாணயம் கிடக்கலாம்.

கூடுதலாக மாட்டியவை

கார் வாங்கிய பிறகு மாட்டிய பொருட்களைத்தான் அடுத்துச் சந்தேகப்பட வேண்டும். பெரிய ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபையர், ரிவர்ஸ் கேமரா. பெரும்பாலும் இவற்றுக்கு ஏற்கெனவே உள்ள ஒயரின் உறையைச் சீவி, அதில் சுற்றி டேப் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் டேப் கழன்றுவிடும். சாக்கெட்டில் மாட்டும் டயர் பம்பும் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. அதே சாக்கெட்டில் பிரிப்பான் வைத்து வேறு பொருளையும் ஓட்டினால் ஃபியூஸ் போகத்தான் செய்யும்.

2010இல் டாட்டா நானோ கார்கள் சில தீப்பற்றிய செய்தி நினைவிருக்கலாம். விசாரணைக்குப் பிறகு அந்நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று, வெளியில் பொருத்திய கூடுதல் மின்சாதனங்கள். அந்த ஆண்டின் இறுதியில் எக்ஸாஸ்ட் பகுதிக்கும் மின்சுற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. விலை குறைந்த கார், விலை உயர்ந்த கார் எதுவானாலும் ஒயரில் கை வைத்தால் விளைவு ஒன்றுதான்.

கூடுதல் பொருள் அவசியம் என்றால், பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், தேவையான இடத்தில் ரிலே என்று முறையாகக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சரிசெய்யும்போது

தேய்ந்த ஒயரின் மேல் டேப் மட்டும் சுற்றி விட்டுவிடக் கூடாது. பழுதான துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள புதிய ஒயரை இணைத்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். எது அதை உரசியதோ அதையும் சரிசெய்ய வேண்டும். துளையில் ரப்பர் வளையம் இல்லை என்றால் போட வேண்டும், ஒயர் தொங்கினால் கட்ட வேண்டும். கடலோரம் வசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, கப்ளர்களைக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்துகொள்வது நல்லது.

வாரண்டி உள்ள காரில் வெளியில் ஒயரை வெட்ட விடாமல் முதலில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு செல்லுங்கள். பெட்ரோல் பம்ப், ஏர்பேக், பிரேக் தொடர்பான ஃபியூஸ் போனால் நாமே தேடாமல் தெரிந்தவரிடம் விடுவதே முறை.

வழியில் போய்விட்டால்

பெட்டியின் மூடியில் உள்ள அளவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபியூஸ், பிடுங்கும் சிறு இடுக்கி, ஒரு டார்ச் ஆகியவற்றைக் காரில் வையுங்கள். தரமறியாத மலிவு ஃபியூஸ்களை வாங்க வேண்டாம். போக வேண்டிய நேரத்தில் போகாத ஃபியூஸ் இருந்தும் பயனில்லை.

சரியான அளவு கையில் இல்லாவிட்டால், அந்த நேரத்துக்குத் தேவைப்படாத ரேடியோ போன்றவற்றிலிருந்து அதே அளவு ஃபியூஸை எடுத்துப் போடலாம். குறைந்த அளவைப் போட்டாலும் தவறில்லை, சீக்கிரம் போகும், அவ்வளவுதான். அதிக அளவு கூடாது. சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாள், ஒயர்த் துண்டு, ஆணி இவை எதுவும் கூடாது. இரவில் பின்விளக்கு எரியவில்லை என்றால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உதவிக்கு அழையுங்கள். ஈசிஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் விளக்கில்லாமல் மெதுவாகப் போய்விடலாம் என்று எண்ணுவது ஆபத்து.

கருகும் வாடையோ புகையோ வந்தால் வண்டியை நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தூரமாக நிறுத்துங்கள். பானட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பெரிதாகும். 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். சாமான்களை எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம்.

விற்கும்போது

கடைசியாக ஒன்று. "ஃபியூஸ் அடிக்கடி போகிறது, வண்டியைத் தள்ளிவிட்டுவிடலாம்" என்று சிலர் பெரிய ஃபியூஸைப் போட்டு விற்றுவிடுகிறார்கள். வாங்குபவர் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் எரியும், குறை தெரியாது. விற்கும் பொருளின் குறையை மறைப்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பது நாம் அறிந்ததே. இங்கே மறைக்கப்படுவது பெயிண்டில் உள்ள கீறல் அல்ல, இன்னொரு குடும்பம் உள்ளே அமர்ந்திருக்கும்போது பற்றக்கூடிய நெருப்பு. சரிசெய்து விற்க வேண்டும், அல்லது சொல்லி விற்க வேண்டும். பழைய கார் வாங்குபவர்களும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் உள்ள எண்களோடு உள்ளே உள்ள நிறங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நம் காரில் உருகிய ஒயர்களை மாற்ற அரை நாள் ஆனது. முதல் ஃபியூஸ் போனபோதே காட்டியிருந்தால் ஒரு துண்டு ஒயரோடு முடிந்திருக்கும். அன்றிரவு பின்சீட்டில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால்தான் அந்த ஒயர் உருகிக்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் வீடு வந்து சேர்ந்தோம். இன்று ஒருமுறை உங்கள் காரின் ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள்.